வலது சீட்டைக் கேட்டு வாங்குங்கள்

அன்று விமானத்தில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இடது சீட்டில் நான். அறுபத்தைந்து முடிந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. வலது சீட்டில் விமானத்தின் முதலாளி. சித்தூரில் மாம்பழக் கூழ் ஃபேக்டரி வைத்திருப்பவர். விமானம் ஓட்டத் தெரியாது, முன்னால் உட்கார்ந்து பார்க்க ஆசை. பின்னால் அவருடைய மனைவி, மடியில் ஒரு துணிப்பை நிறைய எலுமிச்சம்பழம். எதிரில் அந்த அம்மாவின் தம்பி, முதலாளிக்கு மைத்துனர். மற்ற இரண்டு சீட் காலி.

கோ-பைலட் இல்லை. இரண்டு இன்ஜின் வைத்த சின்ன விமானம். ஒரே ஆள் ஓட்டலாம் என்று சட்டம் விட்ட ரகம். அதை அப்போது நான் ஒரு குறையாக நினைக்கவில்லை.

இதை எழுதச் சொன்னது பைலட்டுகளான உங்களில் சிலர்தான். ஐம்பத்தைந்தைத் தாண்டியதும் எல்லோரும் போன் செய்கிறீர்கள். கேட்பது ஒரே கேள்வி: “சார், அறுபத்தஞ்சுக்கு அப்புறம் இன்னா இருக்கு?” ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. எனக்கு எழுத்து வராது. இன்டர், அதாவது ப்ளஸ் டூ வரை படித்தவன், அதுவும் இரண்டாவது முறையில் தேறியவன். அரசு உதவித்தொகையில் ஃப்ளையிங் கிளப் போனேன், பிறகு சீட்டிலேயே வயதாகிவிட்டது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

அறுபதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அறுபது ஆனதும் ஒரு விதி வரும். உங்கள் பக்கத்தில் உட்காருபவர் அறுபதுக்குள் இருக்க வேண்டும். இரண்டு கிழவர்களைச் சேர்த்துப் போட மாட்டார்கள். டியூட்டி போடுகிறவர்கள் அதற்காகத் தினமும் சீட்டு மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். என்னோடு கற்றவன் ஒருவன், அதே கம்பெனியில் இருந்தான். இருபது வருடம் மாறி மாறி ஒரே காக்பிட்டில் உட்கார்ந்திருக்கிறோம். அறுபதுக்குப் பிறகு எங்கள் இருவரையும் ஒன்றாக ஏற்ற முடியாது. காண்டீனில் பார்த்துக்கொள்வோம். அவன் சொல்வான், “நம்மள ரெண்டு பேரையும் ஒண்ணா உட்டா தூங்கிடுவோம்னு பயம்டா.” நான் அதை அவமானமாக எடுத்துக்கொண்டேன். பக்கத்தில் ஒரு முப்பது வயதுக்காரரை உட்கார வைப்பது என்மேல் வைத்த காவல் என்று நினைத்தேன். அப்படி நினைத்தது எவ்வளவு தப்பு என்று பின்னால் தெரிந்தது.

இன்னொரு பழக்கத்தையும் இங்கேயே சொல்ல வேண்டும். நான் கோ-பைலட்டாக இருந்த காலத்தில் ஒரு கேப்டன். பெயர் வேண்டாம். ஒரு நாள் ரன்வேயில் பாதியைத் தாண்டித் தொட்டார். பிரேக்கில் எல்லோருக்கும் தலை முன்னால் போய் வந்தது. இன்ஜினை அணைத்ததும் நான் பையை எடுத்தேன். உட்காரச் சொன்னார். “லேட்டா தொட்டேன். வேகம் ஜாஸ்தி, எனக்குத் தெரிஞ்சும் மேல போகல. இது என் தப்பு. இப்ப உன் தப்பு இன்னான்னு சொல்லு.” நான் பார்த்தும் வாயைத் திறக்கவில்லை என்றேன். “அவ்ளோதான், போ” என்றார். அவரோடு பறந்த நாளெல்லாம் அப்படித்தான். இறங்கியதும் காக்பிட் கதவைத் திறப்பதற்கு முன் கேப்டன் முதலில் தன் தப்பைச் சொல்ல வேண்டும். பிறகு மற்றவர். அதை வைத்து யாரும் யாரையும் அடிக்கக் கூடாது. கம்பெனியும் பின்னால் அதையே விதியாக்கியது. தப்பை நீயே எழுதிக் கொடுத்தால் தண்டனை இல்லை.

நானும் கேப்டன் ஆன பிறகு அதையே செய்தேன். முப்பது வருடம். கை கழுவுவது மாதிரி ஆகிவிட்டது.

அறுபத்தைந்தில் சட்டம் இறக்கிவிடும் அந்தக் கடைசி நாள் எப்படி இருக்கும் என்று கேட்கிறீர்கள். இரண்டு தீயணைப்பு வண்டிகள் இரண்டு பக்கமும் நின்று தண்ணீர் அடிக்கும். அதன் நடுவில் விமானத்தை ஓட்டிக்கொண்டு வர வேண்டும். கேக் வெட்டுவார்கள். கிரவுண்ட் ஸ்டாஃப் அழுவார்கள். மறுநாள் காலை லாக்கரில் விட்ட ஷூவை எடுக்கப் போனேன். கேட்டில் பாஸ் வேலை செய்யவில்லை. காவலர் என்னைத் தெரிந்தவர். தலையைக் குனிந்துகொண்டார். ஷூ இன்னும் அங்கேதான் இருக்கிறது.

என் நைனா லாரி ஓட்டினார். அவரை எந்தத் தேதியும் இறக்கவில்லை. கண் மங்கியது, தானாகச் சாவியைக் கொடுத்தார். எனக்கு மெடிக்கலில் ஒரு குறை இல்லை. ஆனால் தேதி வந்துவிட்டது.

பிறகு என்ன வேலை இருக்கிறது என்றால், இருக்கிறது. சிமுலேட்டரில் சொல்லித்தரலாம். அதற்குச் சர்வீஸில் இருக்கும்போதே பயிற்சியாளர் ஆகியிருக்க வேண்டும். நான் ஆகவில்லை. அதில் எழுத்து வேலை அதிகம் என்று ஒதுங்கினேன். வகுப்பு எடுக்கலாம். அதற்கு என் இங்கிலீஷ் போதாது. திருப்பதியில் ஒரு ட்ரோன் பயிற்சி நிலையத்தில் கூப்பிட்டார்கள். யூனிஃபார்ம் போட்டு போட்டோ எடுத்து போர்டில் வைப்பார்களாம், வாரம் ஒரு நாள் வந்து உட்கார்ந்தால் போதுமாம். போட்டோ நல்லா வருவேன் என்று என் மனைவி சொன்னாள். நான் போகவில்லை.

அடுத்து, சொந்த விமானம் வைத்திருப்பவர்கள். டிக்கெட் விற்காத விமானத்துக்கு வயதுக் கணக்கு வேறு. மெடிக்கல் தேறினால் ஓட்டலாம். பக்கத்தில் இளம் ஆள் வேண்டும் என்ற விதியும் அந்தச் சின்ன ரகத்துக்கு இல்லை.

கூழ் ஃபேக்டரி முதலாளி வீட்டுக்கே வந்தார். வரும்போது இரண்டு கூடை மாம்பழம். பெங்களூரில் ஒரு பழைய விமானம் விலை பேசியிருந்தார். சித்தூர் தமிழ்தான் பேசினார், நடுவில் தெலுங்கு வரும். என்னை ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“கேப்டன் சார், மழைல எறங்குவீங்களா?”

“ரன்வே தெரிஞ்சா எறங்குவேன்.”

“தெரியலன்னா?”

“மேல போயிடுவேன்.”

சிரித்தார். “அந்தப் பேச்சுதான் சார் எனக்கு வேணும். சின்ன பசங்களாண்ட அது இருக்காது. உங்க எக்ஸ்பீரியன்ஸ நம்பித்தான் என் பொண்டாட்டிய ஏத்தப் போறேன்.”

எனக்குப் பெருமையாக இருந்தது. மூன்று மாதமாக வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருந்தவன். கோ-பைலட் வேண்டும் என்று அன்று நான் கேட்டிருந்தால் கொடுத்திருப்பார். சீட் கிடைத்ததே போதும் என்று இருந்தேன். அந்த ரகத்துக்கான பயிற்சியை முடித்தேன். பயிற்சியில் எப்போதும் பக்கத்தில் ஒருவர் இருந்தார் என்பதையும் நான் யோசிக்கவில்லை.

வியாழக்கிழமை விமானத்தைப் பெங்களூரிலிருந்து திருப்பதி பக்கம் இருக்கும் ரேணிகுண்டா ஏர்போர்ட்டுக்குக் கொண்டுவர வேண்டும். முதல் முறையாக வீட்டுக்கு வருகிற வண்டி. ஒன்றரைக்கு ராகு காலம், அதற்குள் சக்கரம் தரையைத் தொட வேண்டும். ஐயர் ஏர்போர்ட்டில் காத்திருந்தார். உறவுக்காரர்கள், கட்சிக்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். சக்கரத்துக்கு அடியில் வைக்கத்தான் அந்த எலுமிச்சம்பழம்.

பலமனேர் வரை நல்ல வெயில். கீழே தக்காளித் தோட்டங்கள் தெரிந்தன. முதலாளி ஒவ்வொரு ஊராகக் காட்டிக்கொண்டு வந்தார். சித்தூரைத் தாண்டியதும் வெள்ளை. கடல் பக்கமிருந்து மழை மேகம் ஏறி வந்திருந்தது. டவரில் கேட்டேன். பார்வை குறைந்துகொண்டே வருகிறது, முயன்று பார்க்கலாம் என்றார்கள்.

இறங்கினேன். ஒரு உயரம் உண்டு, உங்களுக்குத் தெரியும். அந்த உயரத்துக்கு வந்தும் எதிரே ரன்வே தெரியவில்லை என்றால் பேச்சு இல்லை, மேலே போக வேண்டும். வந்தேன். தெரியவில்லை. பவர் கொடுத்தேன், மூக்கைத் தூக்கினேன்.

“கியர் அப்” என்றேன்.

சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். முப்பது வருடம் அதைச் சொன்னதும் வலது பக்கத்திலிருந்து ஒரு கை நீண்டு சக்கரத்தை மேலே எடுக்கும். ஓட்டும்போது என் கை அதைச் செய்து பழகவே இல்லை. பெங்களூரில் கிளம்பும்போது லிஸ்ட் பார்த்து நானே தூக்கினேன், இப்போது அவசரத்தில் பழைய பழக்கம்தான் வந்தது. விமானம் ஏறுகிறது, ஆனால் இழுக்கிறது. ஏன் இழுக்கிறது என்று பார்க்கிறேன். வடக்கே மலை. சக்கரம் கீழேயே தொங்கிக்கொண்டிருக்கிறது.

முதலாளி என்னைப் பார்த்தார். “யாராண்ட சொல்றீங்க சார்?”

அப்போதுதான் என் கை போனது. தூக்கினேன். விமானம் ஏறியது. ஒன்றும் ஆகவில்லை. சில மூச்சு நேரம்தான் இருக்கும். 

பின்னாலிருந்து மைத்துனர் கத்தினார். “மாமா, கீழ பாரு, ஏர்போர்ட் ரோடு நல்லா தெரியுது. இவரு இன்னாத்துக்கு மேல போய்க்கினு இருக்காரு?”

ஜன்னல் வழியாக நேர் கீழே பார்ப்பவருக்கு எல்லாம் தெரியும். இறங்குகிறவன் எதிரே பார்க்க வேண்டும். அது பயணிக்குப் புரியாது. அவர்மேல் கோபம் இல்லை.

முதலாளி வாட்சைப் பார்த்தார். குரல் இன்னும் மரியாதையாகத்தான் இருந்தது. “கேப்டன் சார், டைம் இருக்கு. இன்னொரு தபா பாத்துடலாம். அத்தினி பேர் காத்துக்கினு இருக்காங்க.”

இந்த இடத்தை நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும். எரிபொருள் இருந்தது. இன்னொரு முறை முயல்வதில் சட்டத் தப்பு இல்லை. மேகம் நகர்ந்துகொண்டிருந்தது, அடுத்த முறை தெரிந்தாலும் தெரிந்திருக்கும். பக்கத்தில் ஒரு முப்பது வயதுக்காரர் இருந்திருந்தால் நானே முயன்றிருப்பேன். ஆனால் சற்றுமுன் என் கை ஒரு வேலையை மறந்தது. அடுத்த முறை எதை மறக்கும் என்று எனக்குத் தெரியாது. மலை அங்கேயேதான் இருக்கிறது. நான் மேகத்தைப் பார்த்து முடிவெடுக்கவில்லை. என் கையைப் பார்த்து முடிவெடுத்தேன்.

“சென்னைக்குப் போறோம்” என்றேன்.

அவர் மூன்று விதமாகக் கேட்டுப் பார்த்தார். கெஞ்சினார், பிறகு கணக்குப் பேசினார், கடைசியில் யாருடைய விமானம் என்று ஞாபகப்படுத்தினார். கம்பெனியில் இருந்தபோது மந்திரியை ஏற்றிக்கொண்டு திரும்பியிருக்கிறேன். அப்போது எனக்குக் கஷ்டமே இல்லை. நான் சொன்ன ‘முடியாது’ என்னுடையது இல்லை, கம்பெனியின் விதிப்புத்தகத்துடையது. அதை நான் வாசித்துக் காட்டினேன், அவ்வளவுதான். அன்று என் பின்னால் புத்தகம் இல்லை. ‘முடியாது’ என்று சொன்னது ஒரு சித்தூர்க்காரன் இன்னொரு சித்தூர்க்காரனிடம். அதன் எடை அன்றுதான் தெரிந்தது.

அந்த அம்மா மட்டும் திருப்பதி மலை இருக்கும் திசையைக் குத்துமதிப்பாகப் பார்த்துக் கும்பிட்டபடியே வந்தார்.

சென்னையில் இறங்கி நிறுத்தினேன். இன்ஜினை அணைத்தேன். மைத்துனர் போனைக் காதில் வைத்துக்கொண்டே சொன்னார், “இப்பதான் ரேணிகுண்டால ஒரு ஃப்ளைட் எறங்குச்சாம்.” இறங்கியிருக்கும். அதில் இரண்டு பேர் முன்னால் உட்கார்ந்திருப்பார்கள்.

முதலாளி கதவைத் திறக்கவில்லை. என் பக்கம் திரும்பினார். “நிஜத்தச் சொல்லுங்க. இன்னொரு தபா ஏன் பாக்கல?”

மழை என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். மலை என்று சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பார். ஆனால் இன்ஜின் அணைந்துவிட்டது, கதவு மூடியிருக்கிறது, பக்கத்து சீட்டில் ஒருவர் இருக்கிறார். முப்பது வருடப் பழக்கம் வாயைத் திறந்தது.

“மேல போறப்போ சக்கரத்தத் தூக்க மறந்துட்டேன். என் தப்பு. தனியா ஓட்டிப் பழக்கமில்ல. அதுக்கப்புறம் என் கைய நான் நம்பல. இனிமே ஒரு கோ-பைலட் வேணும்.”

சொல்லி முடித்துவிட்டு அவர் தன் தப்பைச் சொல்வார் என்றுகூடக் காத்திருந்தேன் போலிருக்கிறது. அவர் சீட் பெல்ட்டைக் கழற்றினார்.

“அப்ப வயசாயிடுச்சுன்னு நீங்களே ஒத்துக்கிறீங்க.”

“வயசு இல்ல. பழக்கம்.”

“எறங்குங்க பெரியவரே” என்றார்.

காலையில் கேப்டன் சார். மத்தியானம் பெரியவர்.

அவர்கள் காரில் போனார்கள். எனக்கும் இடம் இருந்தது, கூப்பிடவில்லை. அந்த அம்மா மட்டும் திரும்பி வந்து, “பத்திரமா எறக்கனீங்க” என்றார். பையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து என் கையில் வைத்தார். எதற்கு என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. நான் பஸ் பிடித்தேன். புத்தூரில் மழை இல்லை. திருப்பதியில் இறங்கியபோது நட்சத்திரம் தெரிந்தது. சித்தூர் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன்.

வீட்டில் மனைவி கேட்டாள். “இன்னா ஆச்சு?”

“சென்னைல எறக்கிட்டேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் அவங்க என்னை எறக்கிட்டாங்க.”

சோறு போட்டாள். எலுமிச்சம்பழத்தை ஊறுகாய் ஜாடியில் போட்டுவிட்டாள்.

ஒரு வாரத்தில் பேச்சு ஊர் முழுக்கப் பரவிவிட்டது. ரன்வே தெரியாததால் கீழே போகாமல் திரும்பினேன் என்பதை யாரும் சொல்லவில்லை. பெரியவர் தனக்குத்தானே பேசிக்கொண்டே ஓட்டுகிறார், சக்கரத்தைத் தூக்கக்கூட மறந்துவிடுகிறார் என்றுதான் சொன்னார்கள். நான் சொன்ன வார்த்தைகள்தான். சொன்ன இடம்தான் தப்பு. தப்பைச் சொல்லும் பழக்கம் காக்பிட்டுக்குள் இரண்டு பைலட்டுகளுக்கு நடுவில் வேலை செய்யும். சம்பளம் கொடுக்கிறவரிடம் சொன்னால் அது வாக்குமூலம். அதனால் சொல்லாதீர்கள் என்று உங்களுக்கு எழுத எனக்குக் கை வரவில்லை. பொய் சொல்லி அந்த சீட்டில் மறுபடி தனியாக உட்கார்ந்திருந்தால் அடுத்த மழையில் அந்த அம்மாவை எங்கே கொண்டுபோய் வைத்திருப்பேனோ.

வேறு இரண்டு பேரிடம் வேலை கேட்டுப் பார்த்தேன். ஒருவர் ஹைதராபாத், ஒருவர் பெங்களூர். இரண்டு பேருக்கும் கதை தெரிந்திருந்தது.

பிறகு என் நண்பன் போன் செய்தான். நான் முன்னால் சொன்னேனே, அறுபதுக்குப் பிறகு என்னோடு சேர்த்துப் போட முடியாமல் போனவன். அவனுக்கும் தேதி வந்துவிட்டது.

“டேய், நீ உட்ட சீட்டுக்கு என்னக் கூப்புடறாங்க. உக்காரட்டுமா?”

“உக்காரு. மொதல்ல கோ-பைலட் கேளு.”

“கேட்டா சீட்டு பூடும்டா.”

“நான் கேக்காததாலதான் பூட்ச்சு.”

“நீ வாய வெச்சுக்கினு சும்மா இருந்திருந்தா போயிருக்காது” என்றான். சிரித்தான். நானும் சிரித்தேன். அவன் சொன்னது உண்மை.

அவன் கேட்கவில்லை. தனியாக உட்கார்ந்தான். அந்த மழைக்காலம் முழுக்க ஓட்டினான். இரண்டாவது தபா என்று முதலாளி சொன்னால் இரண்டாவது தபா பார்க்கிறான், இறங்கியும் விடுகிறான். நல்ல கை அவனுக்கு. இன்றுவரை ஒன்றும் ஆகவில்லை. ஆகவும் கூடாது. சில நாள் காலையில் எங்கள் வீட்டுக்கு மேலே போவான். இரண்டு இன்ஜின் சத்தம், தெரியும் எனக்கு. மழை நாளில் அந்தச் சத்தம் போனால், அது திரும்பி வரும்வரை நான் வாசலிலேயே நிற்கிறேன் என்று மனைவி சொல்கிறாள்.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். கம்பெனியில் அறுபதுக்குப் பிறகு பக்கத்தில் ஒரு இளம் ஆளைப் போடும்போது முகத்தைச் சுளிக்காதீர்கள். அவர் காவல் இல்லை, உங்கள் இரண்டாவது கை. வெளியே போனால் அதை யாரும் கொடுக்க மாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும். மாம்பழக் கூடையோடு வந்து நிற்கும்போதே கேளுங்கள். சீட்டில் உட்காரும் முன் கேட்டால் அதற்குப் பெயர் அனுபவம். உட்கார்ந்த பிறகு கேட்டால் அதற்குப் பெயர் வயசு. சீட்டு போனால் போகட்டும்.

கேட்டால் என்ன கிடைக்கும் என்று எனக்குத் தெரியாது. கேட்காமல் எனக்குக் கிடைத்தது தெரியும். ஓய்வுக்குப் பிறகு நான் பறந்தது, பயிற்சி நீங்கலாக:

ஒரு மணி பத்து நிமிடம்.